பத்தரை மணித் துளை

“மடக்குங்க அண்ணாச்சி” என்று டாக்டர் திருவேங்கடம் சொன்னதும் ஆவுடையப்பன் மடக்கினார். வலது உள்ளங்கையில் குதிகாலை ஏந்தி, இடது கையைக் கெண்டைச்சதைக்கு அடியில் கொடுத்து, கணுக்காலைத் தன் தோளில் அண்டக் கொடுத்து, குதிகால் தொடையின் அடியைத் தொட இன்னும் நாலு விரல்தான் பாக்கி என்கிற மட்டும் தள்ளிக்கொண்டு போனார். முதுகில் ஊசி போட்டு மரத்துப் போன காலுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால் இருக்கிற கனம் அது, ஆனால் பிள்ளை ஒரு கட்டத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், இது கட்டிக்கொள்ளாது, விட்டால் விழும், அவ்வளவுதான். இந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாகக் கால் பிடிக்கிறார். மாடு முட்டிய கால், பைக்கில் இருந்து விழுந்த கால், பூசாரியின் கால், வக்கீலின் கால், மரத்துப் போனபின் எல்லாம் ஒரே கனம்தான், ஆனால் இந்தக் கால் வேறு, இந்தக் காலை அவருக்குத் தெரியும். முட்டிக்குக் கீழே உள்பக்கமாக இருக்கிற அந்தத் தழும்பு அவர் கண்முன்னால் கீறியது, இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மேஜையில், இதே விளக்கின் கீழே. அன்றைக்கும் துணித் திரைக்கு அந்தப் பக்கம் தலையும் இந்தப் பக்கம் காலுமாகக் கிடந்தவள் இதே முப்பிடாதிதான். கிழிந்து போன முட்டி ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்தில் இருந்து ஒரு நாரை உருவி, மடித்துத் தைத்து, கயிறாக்கி, எலும்பில் துளை போட்டு உள்ளே கட்டினார்கள். அன்றைக்கு ஒரு காலைத்தான் கீறினார்கள். இன்றைக்கு இரண்டையும். வலது தொடையின் நார் போன தடவையே தீர்ந்துவிட்டதால், ஒரு குற்றமும் செய்யாத இடது காலையும் கீறி, அதன் நாரை எடுத்து, அதோ சிஸ்டர் ரெஜினாவின் தட்டில் ஈரத்துணிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டின் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆவுடையப்பன் அதையே பார்த்தார்.

பார்க்காமல் இருக்க வேண்டும் என்றால் டிவியைப் பார்க்கலாம், முட்டிக்குள் போன சின்னக் கேமரா காட்டுகிறதை. ஆனால் டிவியில் என்ன தெரிகிறது, அதுவும் அதுதான். வெள்ளை வெளேர் என்று ஒரு குகை, குகைக்கூரை, குகைச்சுவர், தண்ணீரில் மிதக்கிற பஞ்சு மாதிரி பழைய கயிற்றின் மிச்சம், அதற்கு மேலே கூரையில், கிட்டத்தட்ட உச்சியில், ஒரு பழைய துளை. அவர் நாலாம் வகுப்போடு நின்றவர்தான். டாக்டர்கள் பேசுகிற இங்கிலீஷ் அவருக்கு எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. ஆனால் மணி பார்க்கத் தெரியும், அது போதும். வலது முட்டி என்றால் பத்தரை மணி, இடது முட்டி என்றால் ஒன்றரை மணி என்று டாக்டர்கள் சொல்வது அந்தக் குகையை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு என்று எவரும் சொல்லித் தராமலே அவருக்கு விளங்கிவிட்டது. பத்தரை மணி இடத்தில் துளை விழ வேண்டும். பன்னிரண்டில் விழுந்தால் கயிறு கூரையில் இருந்து கிணற்றுக் கயிறு மாதிரி நெட்டுக்குத்தாகத் தொங்கும். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் பந்தல் போட்டவர் அவர், நெட்டுக்குத்தாகக் கட்டின கயிறு என்ன லட்சணத்தில் நிற்கும் என்று அவருக்கா தெரியாது? காற்று இல்லாத வரைக்கும் பந்தல் அம்சமாக நிற்கும், மாப்பிள்ளை வீட்டார் வந்து அண்ணாந்து பார்த்து மெச்சுவார்கள், பக்கவாட்டில் ஒரு காற்று, ஒரே ஒரு காற்று, கம்பு திரும்பிக்கொள்ளும். சாய்த்துக் கட்டின கயிறுதான் திருகலைத் தாங்கும். முப்பிடாதிக்கும் அப்படித்தான் ஆயிற்று. நடந்தாள், படி ஏறினாள், நேராக ஓடினாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போலீஸ் தேர்வில் நானூறு மீட்டர் ஓட்டம், முதல் வளைவில் உடம்பு திரும்பியது, முட்டி தனியாகத் திரும்பியது, மைதானத்து மண்ணில் போய் விழுந்தாள். பின்னால் வந்தவளுகள் அவளைத் தாண்டி ஓடினார்களாம். “தாண்டித்தான ஓடணும், நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்” என்று அவள் டாக்டரிடம் சொன்னபோது ஆவுடையப்பன் வாசல் பக்கம் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசையாக இருந்த செருப்புகளை.

“ரெஜினா, ரத்தம் வராம இறுக்குன தொடைக் கட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார் டாக்டர். “அம்பது நிமிஷம் டாக்டர். பேசாம வேலையப் பாத்தா சீக்கிரம் முடிச்சிரலாம்” என்றாள் சிஸ்டர். அவள் யாரையும் விடமாட்டாள். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு. முகமூடிக்கு மேலே கண் மட்டும் சுருங்குகிற அந்தச் சிரிப்பை ஆவுடையப்பன் மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்து வளர்த்துவந்தார். இந்த டாக்டர் மதுரைப் பக்கத்தில் இருந்து வந்து சேர்ந்த முதல் வாரம், ஏதோ கம்பெனிக்காரன் கால் பிடிக்கிற இரும்பு ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான், டாக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நமக்கு எதுக்குய்யா இது, நம்மகிட்டதான் ஒரு ஸ்டாண்டு இருக்கே, சோறு மட்டும் போட்டாப் போதும்” என்று ஆவுடையப்பனைக் கைகாட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரன், யாரோ எவனோ, அவன்கூடச் சிரித்தான். மறுநாள் லிப்டு ஓட்டுகிறவன் “என்ன வே ஸ்டாண்டு, மேலயா கீழயா?” என்றான். ஒரே மாதத்தில் கேன்டீனில் “ஸ்டாண்டு அண்ணாச்சிக்கு ஒரு டீ” என்று ஆகிப்போயிற்று. டாக்டரும் ஒரு வருஷத்துக்கு மேல் விளையாட்டாக அப்படியே கூப்பிட்டார், பிறகு ரெஜினா ஏதோ சொன்னதில் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, பழையதை மறந்தும் போய்விட்டார். ஆவுடையப்பனுக்கா மறக்கும்? தங்கச்சி மகள் கல்யாணத்தில் மூத்த தாய்மாமனான தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்த மச்சினன் வீட்டு நடையை இருபத்திரண்டு வருஷமாக மிதிக்காதவர் அவர். “உங்க வயித்துல சோறு செரிக்கும், சொல்லு செரிக்காது” என்று வீட்டுக்காரி பேச்சியம்மா சொல்லுவாள். செரிக்க வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். செரித்துவிட்டால் பிறகு மனுஷனிடம் என்ன இருக்கிறது, நாலாம் வகுப்பும் ஒரு காக்கிச் சட்டையும்தான். சொல்லை வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு சொத்து மாதிரி, தனியாக இருக்கிறபோது எடுத்துத் தடவிப் பார்க்கலாம்.

“இன்னும் கொஞ்சம் மடக்குங்க. ஆங். அங்கயே நில்லுங்க.” நின்றார். வலது தோளில் ஒரு நமைச்சல் மாதிரி ஆரம்பித்தது. இதுதான் இடம், இவ்வளவு மடக்கினால்தான் டாக்டர் கையில் இருக்கிற நீள ஊசி குகைச்சுவரில் பத்தரை மணிக்குப் போய்க் குத்தும், அந்த ஊசி காட்டுகிற வழியில்தான் பிறகு பெரிய துளை விழும். கால் இரண்டு விரல் நிமிர்ந்தால் ஊசியின் வழி மாறிவிடும், சுவரில் வழுக்கிக் கூரைக்கு ஏறும். இரண்டு விரல். இரண்டு விரல்தான் அன்றைக்கும். அன்றைக்குக் கை சோர்ந்துவிட்டது. காலையில் ஒரு தொடை எலும்பு, அதற்கு முன்னால் ஒரு இடுப்பு, மூன்றாவதாக இந்தப் பெண், வயசான மனுஷனுக்குக் கை சோராதா? சோர்ந்துவிட்டது. அப்படித்தான் இரண்டு வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லாவிட்டால் கையுறை, தண்ணீர் பட்டுக் கையுறை வழுக்கியது, கேமராவுக்காக உள்ளே விடுகிற தண்ணீர் முட்டியில் இருந்து கொட்டிக்கொண்டே இருக்குமே, வழுக்கத்தானே செய்யும். ஒரு மாதம் சோர்வை வைத்துக்கொண்டார், ஒரு மாதம் தண்ணீரை வைத்துக்கொண்டார். வாய்க்கு ருசியாக எது இருக்கிறதோ அது. ஆனால் இரண்டும் ஒரு இடத்தில் வந்து தட்டி நின்றுவிடும், அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தாலே அவர் வேறு எதையாவது நினைப்பார், மச்சினனை நினைப்பார், லிப்டுக்காரனை நினைப்பார். இப்போது நினைக்க முடியவில்லை, காலும் கையும் தோளும் அன்றைக்கு இருந்த அதே கோணத்தில் நிற்கின்றன, உடம்பு அன்றைக்குப் போய்விட்டது, மனசு பின்னாலேயே போயிற்று. அன்றைக்கு டாக்டர் ஊசியைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார், “என்ன ஸ்டாண்டு, தூங்கிட்டியா?” பின்னால் ரெண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவர் தூங்கவில்லை. கை சோரவும் இல்லை. கையில் அன்றைக்கு ஒரு வண்டியையே தாங்குகிற பலம் இருந்தது. ஸ்டாண்டுன்னா சொன்னே, ஸ்டாண்டு அசையாதுல்லா, மனுஷன் அசைவான், பாத்துக்கோ. இரண்டு விரல் விட்டார்.

விட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் கழித்து, மறுபடியும் மடக்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு ஆள் ரோட்டில் நின்று செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற நேரம். அதற்குள் ஊசி ஓடிவிட்டது. “ம்ச்” என்றார் டாக்டர், டிவியை உற்றுப் பார்த்தார், ஊசியை எடுத்து மறுபடி குத்தலாமா என்று யோசித்தார், தொடைக் கட்டு ஒன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது, இனி நேரமில்லை என்று ரெஜினா சொன்னாள், “சரி, பிடிக்கும்” என்று சொல்லி அதே வழியில் பெரிய துளையை இறக்கினார். ஆவுடையப்பனுக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி, அதையும் மறைக்க முடியாது, வெயிலில் வந்தவன் பானைத் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு குளிர்ச்சி, டாக்டர் வாயில் அந்த ‘ம்ச்’ வந்ததே என்று. அந்தக் குளிர்ச்சி யாருடைய முட்டியில் இருந்து வந்தது என்று அவர் அந்த நிமிஷத்தில் நினைக்கவில்லை. கால் கையில் இருந்தது, ஆள் நினைவில் இல்லை. ஆள் நினைவுக்கு வந்தது அஞ்சாம் நாள், வீட்டுக்குப் போகிற அன்றைக்கு, முப்பிடாதியின் அம்மா பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தபோது. “எம்புள்ள காலை ரெண்டு மணி நேரம் ஏந்திக்கிட்டே நின்னீங்களாம்லா, சிஸ்டர் சொன்னாங்க. எங்க வீட்டு மரத்துக் காயிண்ணே.” வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டார். பேச்சியம்மா ஒரு நாள் சாம்பார் வைத்தாள், ஒரு நாள் கூட்டு, ஒரு நாள் கருவாட்டோடு போட்டாள். சதைப்பிடிப்பான காய். மூன்று நாளும் சக்கை கடித்துத் துப்பி, ருசியாக இருக்கிறது என்று சொல்லி, தின்றார். இப்போதும் சந்தையில் முருங்கைக்காயைப் பார்த்தால் கடைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார், பேச்சியம்மா “என்ன உங்களுக்குப் பேய் பிடிச்சிருக்கா?” என்று கேட்கிறாள். பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்கலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் விழுந்த முட்டியோடு அவள் திரும்பி வந்தபோது, டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு தாயையும் மகளையும் உட்காரச் சொல்லி, “தப்பு என்னோடதும்மா, துளை விழுந்த இடம் சரியில்ல. ஊசி வழுக்குனத நான் பாத்தேன், நிறுத்தி மறுபடி போட்டிருக்கணும்” என்று சொன்னார். டாக்டர் சொன்னார், அதுவும் கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு. மூன்று வருஷமாக அந்த ஆள் தலை குனிகிறதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தவருக்கு, பார்க்கக் கிடைத்தது, பார்க்க முடியவில்லை. தன் பாவத்தை இன்னொருத்தன் தன் இலையில் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான், அதுவும் எதிரி. “வயசு இன்னும் ஒரு தேர்வுக்குத்தான் இருக்கு சார். அதுக்குள்ள வளைவுல ஓட முடியுமா?” என்று முப்பிடாதி கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“டாக்டர், என் காலு இப்ப எங்கிட்டு இருக்கு?” திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்ததும் ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகு ஊசிதான், அவள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அது தெரியும், தெரிந்தும் மறந்திருந்தார். “நேரா நீட்டிக்கிட்டுக் கிடக்க மாதிரியே இருக்கு” என்றாள். “அப்படித்தான்மா இருக்கும். ஊசி போட்டப்ப கால் எப்படி இருந்துச்சோ அப்படியே மூளை நினைச்சுக்கிட்டிருக்கும். உன் கால் இப்ப அண்ணாச்சி கையில இருக்கு.” “எந்த அண்ணாச்சி, போன தடவை பிடிச்ச தாத்தாவா?” “அவரேதான். அந்த மூலையில ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கிப் போட்டிருக்கோம், அது இவ்வளவு மடக்காது. அதான் இன்னைக்கு அண்ணாச்சிதான் வேணும்னு சொல்லிட்டேன்.” டாக்டர் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. “அப்பச் சரி” என்றாள் அவள். அப்பச் சரியாமே. அவளுடைய கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, டாக்டர் டிவியைப் பார்க்கிறார், ரெஜினா தட்டைப் பார்க்கிறாள், இந்த உலகத்திலேயே அந்தக் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருத்தர்தான், நாலாம் வகுப்பு ஆவுடையப்பன், அறுபதை எட்டப்போகிற ஆள். நமைச்சல் இப்போது தோளில் இருந்து முழங்கைக்கு இறங்கிவிட்டது. முழங்கையில் இருந்து மணிக்கட்டுக்கு. அடக் கடவுளே, இது நிஜம், இது அன்றைக்கு மாதிரி இல்லை, இரண்டு வருஷத்தில் தோள் தேய்ந்துவிட்டது, சட்டை மாட்டும்போதே பிடிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டாண்டைக் கொண்டு வா என்பார்கள், துருப்பிடித்த ஸ்டாண்டு என்று லிப்டுக்காரன் சொல்லுவான், அதைக் கேட்பதைவிட. அதைக் கேட்பதைவிட என்ன? டிவியில் ஊசி முனை சுவரைத் தொட்டது. பழைய துளையில் இருந்து தள்ளி, சரியாக, பத்தரைக்கு. டாக்டரின் விரல் டிரில்லின் விசைக்குப் போயிற்று. குதிகால் உள்ளங்கையில் ஒரு நூல் அளவு அசைந்தது. பல்லைக் கடித்தார். இன்னொரு நூல். இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒருவேளை தாங்கிவிடலாம், அரை நிமிஷ வேலை, எத்தனை அரை நிமிஷத்தைத் தாங்கியிருக்கிறோம். ஒருவேளை. அன்றைக்கு டாக்டர் சொன்ன ‘சரி, பிடிக்கும்’ மாதிரி ஒரு ஒருவேளை.

“நிறுத்துங்க டாக்டர்.” தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. “காலு இறங்குது. தோளு நடுங்குது. என்னால முடியல.” டாக்டர் விரலை எடுத்தார், ஊசியையும் எடுத்தார், திரும்பினார். “சொன்னீங்களே, நல்லது. ரெஜினா, அந்தப் பக்கம் வந்து முட்டிக்குக் கை கொடு. அண்ணாச்சி, மெதுவா இறக்குங்க.” நல்லது என்கிறார். நல்லது என்கிற அந்தச் சொல் தோளைவிட வலித்தது. இதோடு விட்டுவிடலாம், நல்ல பேரோடு. கால் மேஜையில் இறங்கியது, கை காலியாயிற்று, காலியான கையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார், “போன தடவை சொல்லல டாக்டர்.”

“போன தடவை என்ன?”

“போன தடவை ஊசி வழுக்குனது உங்க கையால இல்ல. நான்தான் காலை விட்டேன். ரெண்டு விரல்.” டாக்டர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். “சோர்ந்து போச்சாக்கும் அண்ணாச்சி, அன்னைக்கு மூணு கேஸு” என்று ரெஜினா அவசரமாக எடுத்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளை, பாலம் போடுகிறாள், ஏறிப் போய்விடு என்கிறாள். “சோரல சிஸ்டர். வேணும்னுதான் விட்டேன். தூங்கிட்டியா ஸ்டாண்டுன்னு கேட்டாரு, எனக்குக் கோவம். அதான்.” சொல்லி முடித்தபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது. மூன்று வருஷம் சோறு ஊட்டி வளர்த்த கோபம், வெளியே எடுத்து வைத்தால் எலிக்குஞ்சு அளவுகூட இல்லை, மயிர் முளைக்காமல், கண் திறக்காமல், மேஜை விளக்கு வெளிச்சத்தில் கிடந்தது. தண்ணீர் பாட்டிலில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம்தான் திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முழித்துக்கொண்டிருக்கிறாள் என்பது, ஒரே நாளில் இரண்டாம் தடவையாக மறந்துபோனது, நினைவுக்கு வந்தது.

டாக்டர் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். போங்க வெளியே என்றால் போய்விடலாம், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக வாசலைப் பார்த்துப் போய்விடலாம், அது எவ்வளவு சுகம். “தாத்தா” என்றாள் முப்பிடாதி. குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினார், தெரியவில்லை, திரை மறைத்தது. “அந்த ஸ்டாண்டு மடக்காதுன்னாரே டாக்டர்.” “ஆமா தாயி.” “வேற யாருக்கும் பிடிக்கத் தெரியுமா?” அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். “இல்ல தாயி.” “பிறகு உங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல. கேக்க வேண்டியதெல்லாம் எந்திரிச்சு நின்னு கேட்டுக்கிடுதேன். இப்பப் பிடிங்க. ஆனா எனக்குக் காலு எங்க இருக்குன்னு தெரிய மாட்டேங்குது. நீங்க வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருங்க.”

ரெஜினா முட்டிக்கு அடியில் கை கொடுத்தாள். ஆவுடையப்பன் குனிந்து குதிகாலை ஏந்தி, இந்தத் தடவை தோளை நம்பாமல் அடிவயிற்றை அண்டக் கொடுத்து, பந்தல் கம்பை நிமிர்த்துகிறவன் மாதிரி இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, மடக்கினார். நாலு விரல். ஊசி சுவரைத் தொட்டது. “இருக்கா அண்ணாச்சி?” என்றார் டாக்டர். “இருக்கு.” டிரில் ஓட ஆரம்பித்தது, எலும்பைத் துளைக்கிற அந்தச் சத்தம் குதிகால் வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது, உள்ளங்கையில் இருந்து தோளுக்கு, தோளில் இருந்து கடைவாய்ப் பல்லுக்கு. “இருக்கு” என்றார், டாக்டருக்கு இல்லை, திரையைப் பார்த்து. “இருக்கு தாயி. அசையல. இருக்கு.” முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டியது, வேர்வையா வேறு எதுவா என்று பிரித்துப் பார்க்கக் கை காலியில்லை. டிவியில் பத்தரை மணி இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வட்டமாகத் திறந்தது. சத்தம் நின்றது. “போதும் அண்ணாச்சி, விழுந்துருச்சு, சரியா விழுந்துருச்சு” என்று டாக்டர் சொன்னார், ரெஜினா கையை எடுத்துக்கொண்டாள். அவர் மட்டும் “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே நின்றார்.